நிரந்தரம் என்றால் எத்தனை நாள்?

அத்தியாயம் ஒன்பது

கத்தரிக்கோலை ராசம்மா கூரைத் தகரத்துக்கும் வளைமரத்துக்கும் நடுவில் செருகி ஒளித்தாள். போன வாரம் அந்த இடத்தில் நின்றோம். அவள் ஒளித்தது வீண். அழகையா கத்தரிக்கோலைத் தேடவே இல்லை. அவனுக்கு வேறு யோசனை இருந்தது.

இன்றைக்குத்தான் இந்தத் தொடரைக் கையில் எடுத்தவர்களுக்கும் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அழகையாவின் மகன் கருப்பையாவுக்கு நாலு வயது. பிறந்ததிலிருந்து தலையில் கத்தி படவில்லை. முதல் இரண்டு பிள்ளைகளையும் கொஸ்லந்த மண்ணுக்குக் கொடுத்தவள் ராசம்மா. மூன்றாவதும் காய்ச்சலில் கண் சொருகிக் கிடந்தபோது, முசிறிப் பக்கம் இருக்கும் குலசாமி ஆலடிக் கருப்பருக்கு நேர்ந்துகொண்டாள். பிள்ளை பிழைத்தால் முதல் முடி உன் வாசலில் இறக்குகிறேன் என்று. பிள்ளை பிழைத்துவிட்டான். இந்தியாவுக்குப் போய்வரத்தான் வழி பிறக்கவில்லை. முடி வளர்ந்து இடுப்பைத் தொட்டது. அதைப் பின்னி, நுனியில் மஞ்சள் நூலால் ஒரு செப்புக்காசைக் கட்டிவிட்டிருந்தாள். சாமிக்குச் சொன்ன சொல்லுக்கு அது அடையாளம்.

இந்த நிலையில்தான் இலங்கைப் பிரஜாவுரிமை விசாரணைக்கு வரச்சொல்லிப் பதுளை அரசாங்கக் கச்சேரியிலிருந்து ஆள் வந்தது. பெண்சாதி பிள்ளையோடு வரவேண்டுமாம். அழகையாவின் தங்கை தனலெட்சுமி தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புக்குப் பாடம் சொல்கிறவள். கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும். போய்வந்தவர்களையெல்லாம் அவள் விசாரித்தாள். எந்த வழியில் கேள்வி போனாலும் கடைசியில் ஒரே சொல்லில் வந்து முட்டும் என்று சொன்னார்கள். பெர்மனன்ட். நீ இங்கே பெர்மனன்டா, இல்லையா?

அழகையா அதே தோட்டத்தில் பிறந்தவன். கடலைக் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் அவனிடம் கேட்பார்கள். இந்தியக் கோயிலுக்கு நேர்ந்த முடியோடு பிள்ளை போய் நின்றால் என்ன ஆகும்? இவர்கள் அங்கே போகிற ஆட்கள் என்று எழுதிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள்.

ராசம்மாவின் அண்ணன் ரெங்கசாமிக்கு அப்படித்தான் ஆயிற்று. கல்யாணத்துக்கென்று ஊருக்குப் போனவன் ஒரு வருஷத்துக்கு மேல் அங்கே தங்கிவிட்டான். அவன் மனுவைத் தள்ளிவிட்டார்கள். இப்போது அவன் கையில் இருப்பது டெம்பரரி சீட்டு, கொஞ்ச காலம் மட்டும் இருக்கலாம் என்கிற அனுமதி. அதுவும் தீரப்போகிறது. முடியை எடுக்கலாமா என்று பேச்சு வந்த அன்று, ஒரு காகிதத்துக்காகச் சாமி முடியில் கை வைக்காதே என்று அவன் வந்து சத்தம் போட்டான். நாட்டை விட்டுப் போகிறவனுக்கு இந்த வீட்டில் என்ன பேச்சு என்று அழகையா கேட்டுவிட்டான். மச்சான்மார் இருவருக்கும் அதோடு பேச்சு அறுந்தது.

இனி இன்றைய கதை.

அப்புத்தளை ஸ்டேஷனில் காலை வண்டி ஏறினார்கள். பனி இன்னும் தண்டவாளத்தை விட்டு எழும்பவில்லை. ராசம்மா கல்யாணச் சேலையைக் கட்டியிருந்தாள். அழகையா கறுப்புக் கோட்டு ஒன்றைக் கங்காணி வீட்டில் இரவல் வாங்கிப் போட்டிருந்தான். அது தோளில் பிடித்தது. கையை மேலே தூக்க முடியவில்லை. கருப்பையா ஜன்னலோரம் உட்கார்ந்து பின்னலின் நுனியை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தான். காசு பல்லில் பட்டுச் சத்தம் வந்தது.

தனலெட்சுமி மடியில் ஒரு தடித்த புத்தகம். தலைமை வாத்தியாரிடம் கேட்டு வாங்கிய இங்கிலீஷ் தமிழ் அகராதி. அங்கே மொழிபெயர்க்கிறவர் எந்தச் சொல்லைப் போட்டுக் கேட்பார் என்று தெரியாது, அதனால் எல்லாவற்றையும் காதில் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லி, விரல் வைத்து வாசித்தாள்.

நிரந்தரமான. நிலையான. நீடித்த. மாறாத. அழியாத. சாசுவதமான.

"இத்தனையுமா ஒரு சொல்லுக்கு?" என்றாள் ராசம்மா.

"ஒண்ணுதான் அண்ணி. ஆனா ஒவ்வொண்ணும் கொஞ்சம் கொஞ்சம் வேற."

அழகையாவுக்கு இந்தப் படிப்பு தேவைப்படவில்லை. பெர்மனன்ட் என்றால் என்னவென்று தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். பேர் பதிந்த ஆள் பெர்மனன்ட். காலையில் பெரட்டில், ஆள் எடுக்கும் வரிசையில், நின்றால் வேலை கொடுத்தே ஆகவேண்டும். மற்றவன் கைக்காசுக்காரன், இன்றைக்கு உண்டு, நாளைக்கு இல்லை. தான் பதினாலு வயதில் பேர் பதிந்தவன் என்று அவன் மார்தட்டினான். தனலெட்சுமி தலையை ஆட்டினாள். அது வேலைக்கு அண்ணே, இவர்கள் கேட்பது ஆளுக்கு என்றாள்.

ராசம்மா விடுகிற பெண் இல்லை. ஒவ்வொரு சொல்லாக எடுத்துப் பார்த்தாள், சந்தையில் கத்தரிக்காயை அமுக்கிப் பார்ப்பது போல.

"நிலையானன்னியே. நாம குடியிருக்குற லயத்துக்குப் பின்னால கொய்யாக் கன்னு வச்சேன். போன மாசம் தோட்டத்துத் துரை பாத்துட்டுப் புடுங்கிப்போடச் சொன்னாரு. அது நிலையானதா?"

தனலெட்சுமி விரலை அடுத்த சொல்லுக்கு நகர்த்தினாள்.

"அழியாதன்னா? நம்ம வீட்டுக் காம்பரா கூரையா? மழைக்கு நாலு சட்டி வச்சித்தான் படுக்குறோம்."

எதிரே உட்கார்ந்திருந்த கிழவர் சிரித்துவிட்டார். அழகையாவுக்கு வெட்கமாகிவிட்டது. கொஞ்சம் மெதுவாகப் பேசு என்றான். தனலெட்சுமி அகராதியில் பக்கத்திலேயே கிடந்த இங்கிலீஷ் சொற்களையும் காட்டினாள். லாஸ்டிங், ஃபிக்ஸ்ட் என்று. ஃபிக்ஸ்ட் என்றால் பதித்து வைத்தது, தொழிற்சாலையில் கொழுந்து அரைக்கும் மெஷினைச் சிமெண்டில் பதித்திருக்கிறார்களே அந்த மாதிரி என்றாள். அதையும் போன வருஷம் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டுப் புதிது வைத்தார்கள் என்று அழகையாவே சொல்லிவிட்டான். சொன்ன பிறகு அவன் முகம் தொங்கிப்போயிற்று.

தெமோதரையில் வண்டி நின்று புறப்பட்டது. அந்த இடத்தில் தண்டவாளம் மலையைச் சுற்றிவந்து, நின்ற ஸ்டேஷனுக்கே கீழாகக் குகைக்குள் நுழைகிறது. வெளிச்சம் போய் வந்தது. வெளிச்சம் வந்தபோது ராசம்மா பிள்ளையை மடிக்கு இழுத்துவைத்துக்கொண்டிருந்தாள்.

"தனம், ஒண்ணு கேக்கறேன். சாமிக்குச் சொன்ன சொல்லு இருக்கே, அது இந்த ஆறுல எதுல சேரும்?"

அகராதியைத் தனலெட்சுமி மூடிவைத்தாள்.

பதுளைக் கச்சேரி வாசலில் ஏற்கெனவே கூட்டம். நமுணுகுலைப் பக்கத்திலிருந்தும் பசறையிலிருந்தும் வந்தவர்கள் மரத்தடியில் குந்தியிருந்தார்கள். எல்லாரும் நல்ல துணி உடுத்தியிருந்தார்கள். சாவு வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி மெதுவாகப் பேசினார்கள். பேர் கூப்பிட நேரமாகும் என்று பியூன் சொன்னான். பிள்ளைக்குப் பசிக்கும், பணிஸ் வாங்கிக் கொடுத்துக் கூட்டிவருகிறேன் என்று அழகையா கருப்பையாவைத் தூக்கிக்கொண்டு போனான்.

ராசம்மா கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு பார்த்தாள். கச்சேரி வாசலிலேயே ஒருவன் கூடை வைத்துப் பணிஸ் விற்றுக்கொண்டிருந்தான்.

எழுந்துவிட்டாள்.

பஸார் தெருவில் மூன்றாவது கடை சலூன். நாற்காலியில் குறுக்கே பலகை போட்டு அதன்மேல் கருப்பையாவை உட்காரவைத்திருந்தார்கள். கழுத்தில் வெள்ளைத் துணி. சலூன்காரர் நரைத்த மீசைக்காரர், மதுரைப் பக்கத்து ஆள். பின்னலைக் கையில் எடுத்து எடை பார்ப்பவர் போல் தூக்கினார். நுனியில் காசு ஆடியது. கத்தரியைக் கீழே வைத்துவிட்டார்.

எந்த ஊர் சாமி என்று கேட்டார். முடியை எடுங்கள் என்று மட்டும் அழகையா சொன்னான். சரி, பிள்ளையின் தாய்மாமன் எங்கே என்று கேட்டார். முதல் முடி எடுக்கும்போது பிள்ளை தாய்மாமன் மடியில் உட்காரவேண்டும். அது இல்லாமல் எந்த நாவிதரும் கத்தியைத் தீட்டுவதில்லை. சலூன் வந்தாலும், கண்ணாடி வந்தாலும், சுழல் நாற்காலி வந்தாலும் அது மாறவில்லை.

"இன்னைக்கு எடுத்துட்டு, நாளைக்குப் புள்ளைக்கு ஒடம்பு சுட்டா நீங்க என் கத்தியத்தான் சொல்லுவீங்க. எனக்கு வேணாங்க."

அழகையா திரும்பினான். வாசலில் ராசம்மா நின்றாள். அவள் சத்தம் போடுவாள் என்று நினைத்தான். போட்டிருந்தால் அவனுக்கும் சுலபமாக இருந்திருக்கும்.

"பணிஸ் வாங்கியாச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

துணியை அவிழ்த்து, பிள்ளையைப் பலகையிலிருந்து இறக்கிக்கொண்டாள். திரும்பி நடக்கும்போது அழகையா அவளுக்குப் பின்னால் வந்தான். அவன் கெட்டவன் இல்லை. அவனுக்குப் பயம். காகிதம் உள்ளவனுக்குப் பயம் குறைவு, இல்லாதவனுக்குக் கூடுதல். இந்த நாட்டில் நான் கண்டது அவ்வளவுதான்.

"எனக்காகவா புள்ள செஞ்சேன்?" என்றான் தெருவிலேயே நின்று. "இவன் பெரியவனாகி, இன்னொருத்தன்கிட்டக் கோட்டு எரவல் வாங்கிப் போட்டுக்கிட்டு, நான் இந்த ஊருக்காரந்தான்னு கையக் கட்டிச் சொல்லக் கூடாது. அதுக்குத்தான்."

ராசம்மா அவனை ஒரு தடவை பார்த்தாள். கோட்டின் தோள்பட்டை கிழிய இருந்தது. அதை இழுத்துச் சரிசெய்துவிட்டாள்.

மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் கூப்பிட்டார்கள்.

அறையில் நீட்டு மேசை. நடுவில் அதிகாரி. அவர் இங்கிலீஷில்தான் பேசினார். பக்கத்தில் மொழிபெயர்க்கிறவர் சிவசுப்பிரமணியம். யாழ்ப்பாணத்துக்காரர், நெற்றியில் விபூதி, வெள்ளைக் கோட்டு. பத்து வருஷமாகப் பதுளையில் உத்தியோகம். வருஷம் தவறாமல் திருவிழாவுக்கு யாழ்ப்பாணம் போவார். தம் பிள்ளைகளுக்கு அங்கேதான் காது குத்தினார். நீர் பதுளையில் பெர்மனன்டா என்று அவரிடம் யாரும் கேட்டதில்லை. அவர் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. இருப்பதைச் சொல்கிறேன்.

பிறந்த இடம், தகப்பன் பேர், எந்த டிவிசன், எத்தனை வருஷம் என்று கேள்விகள் போயின. அழகையா நன்றாகவே சொன்னான். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவன் கை மாதிரி அவன் குரல் நடுங்காமல் இருந்தது. பிறகு தனலெட்சுமி சொன்ன இடத்துக்கு வந்து முட்டியது.

"இலங்கையிலை நிரந்தரமாய்த் தங்கிற எண்ணமோ எண்டு துரை கேக்கிறார்."

"ஆமாங்க. நிரந்தரம், நிலையானது, மாறாதது," என்றான் அழகையா.

சிவசுப்பிரமணியம் அதில் முதல் சொல்லை மட்டும் இங்கிலீஷில் சொன்னார். அதிகாரி பேனாவை எடுத்தவர் அப்படியே நிறுத்தினார். அவர் கண் கருப்பையாவின் மேல் இருந்தது. தம் முன்னால் இருந்த தாளைப் பார்த்தார். மறுபடியும் பிள்ளையைப் பார்த்தார்.

"மகன் எண்டெல்லோ எழுதிக் கிடக்கு. இது பெண்பிள்ளையோ?" என்று அவர் கேட்டதைச் சிவசுப்பிரமணியம் சொன்னார்.

பையன்தான் என்று தனலெட்சுமி சொன்னாள். அப்படியானால் ஏன் இந்த முடி? சிவசுப்பிரமணியத்துக்கு ஏன் என்று தெரியும். பின்னலின் நுனியில் ஆடிய காசையும் அவர் பார்த்துவிட்டார். நேர்த்திக்கடன் என்று மட்டும் அதிகாரியிடம் சொன்னார். இடத்தைச் சொல்லவில்லை. அவரால் முடிந்த தயவு அது.

அதிகாரி விடவில்லை. எந்தக் கோயிலுக்கு என்று கேட்டார்.

தோட்டத்து மாரியம்மன் என்று சொல்ல அழகையா தயாராகத்தான் வந்திருந்தான். வாயும் திறந்தான். அதற்குள் ராசம்மா முன்னால் வந்து மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"முசிறிப் பக்கங்க. ஆலடிக் கருப்பரு. எங்க கொலசாமி."

அழகையா கண்ணை மூடிக்கொண்டான். அதிகாரி எழுதத் தொடங்கினார். எழுதிக்கொண்டே, அப்படியானால் நீங்கள் இந்தியாவுக்குப் போகவேண்டியவர்கள், இல்லையா என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. கணக்கு முடிந்தது போலக் கேட்டார்.

"போகணும்னுதான் நேந்தேன்," என்றாள் ராசம்மா. "ஐயா, அவங்ககிட்ட ஒண்ணு கேட்டுச் சொல்லுங்க. நெரந்தரம்னா எத்தன நாளு?"

சிவசுப்பிரமணியம் தயங்கினார். இங்கே கேள்வி கேட்பது அந்தப் பக்கத்து வேலை. ஆனாலும் சொன்னார். அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். சற்று யோசித்துவிட்டு இரண்டு மூன்று சொல்லில் பதில் சொன்னார்.

"சாகுமட்டும் எண்டு சொல்லுறார்."

"அம்புட்டுத்தானா?" என்றாள் ராசம்மா. "அப்பிடின்னா எம்புள்ளைங்க ரெண்டு பேரு எப்பவோ பெர்மனன்டுங்க. கொஸ்லந்தயில கெடக்குதுங்க. அதுங்கள விட்டுட்டு நான் எங்க போவேன்?"

சிவசுப்பிரமணியம் உடனே மொழிபெயர்க்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு ஒரு சொல் விடாமல் சொன்னார்.

அதிகாரி குரலைத் தணித்துக்கொண்டு, சாமிக்குச் சொன்ன சொல் என்ன ஆகிறது என்று கேட்டார். நியாயமான கேள்வி. அவள் அதைத்தான் காலையிலிருந்து வயிற்றில் கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

"நாங்க போக மாட்டோங்க. சாமிய இங்க கூட்டியாந்துருவோம். அவரு கோயில் வாசல்லேருந்து ஒரு பிடி மண்ணு வந்தாப் போதும். மண்ணு எறங்குன எடத்துல அவரும் எறங்கிருவாரு. எங்க தோட்டத்து மாரியம்மாகூட அப்பிடி வந்தவதான். அங்கயே முடி எறக்கிருவேன்."

இதை அவள் முன்கூட்டி யோசித்தாளா, அந்த மேசையைப் பிடித்தபோதுதான் தோன்றியதா என்று அழகையா பிறகு பல நாள் கேட்டிருக்கிறான். அவள் சொன்னதில்லை.

அதிகாரியும் சிவசுப்பிரமணியமும் இங்கிலீஷில் பேசிக்கொண்டார்கள். பிடிமண் என்றால் என்னவென்று அவர் விளக்கினார் போலிருக்கிறது. கடைசியில் முடிவு வந்தது. ஏற்கவும் இல்லை, தள்ளவும் இல்லை. தள்ளிவைத்திருக்கிறார்கள். மூன்று மாதத்தில் அதிகாரி தோட்டத்துப் பக்கம் வருவார். அந்தக் கோயிலையும் பார்ப்பார், பிள்ளையின் தலையையும் பார்ப்பார். இரண்டும் சொன்னபடி இருந்தால் பார்க்கலாம்.

வெளியே வரும்போது சிவசுப்பிரமணியம் வாசல்வரை வந்தார். "பிள்ளையின்ரை முடியைக் கவனமாய்ப் பாருங்கோ," என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

பின்னேர வண்டியில் திரும்பினார்கள். அழகையா கோட்டைக் கழற்றி மடித்து மடியில் வைத்திருந்தான். வண்டி எல்ல ஸ்டேஷனைத் தாண்டியது. பிறகு கேட்டான். மண் வரும் என்று சொல்லிவிட்டாய், யார் கொண்டுவருவார்? நாம் போக முடியாது. இந்த நேரத்தில் கப்பலேறினால் பேரை வெட்டிவிடுவார்கள். தபாலில் சாமி வருமா?

போகிற ஆள் ஒருவர் இருக்கிறார் என்று தனலெட்சுமி சொன்னாள். பேரைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. டெம்பரரி சீட்டுக்காரன் ரெங்கசாமி அடுத்த மாதம் போகிறான். முடி எடுக்க மடி கொடுக்க வேண்டியவனும் அவன்தான். அழகையா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அந்த ஆளிடம் போய்க் கேட்க அவனுக்கு வாய் வராது என்று ராசம்மாவுக்குத் தெரியும். அவளும் கேட்கவில்லை. அடுத்த மாதம்தானே, பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தாள்.

பொழுது சாயும்போது அப்புத்தளை வந்தது. பிளாட்பாரத்தில் வழக்கத்துக்கு மேல் ஆட்கள். பெண்கள் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு தகரப்பெட்டி, கயிறு போட்டுக் கட்டின பாய்மூட்டை, அம்மிக்கல் ஒன்று சாக்கில் சுற்றி. அம்மிக்கல்லுக்குப் பக்கத்தில் ரெங்கசாமி நின்றான்.

சீட்டை முன்கூட்டியே வெட்டிவிட்டார்களாம். இந்த வாரமே கப்பலேறத் தலைமன்னாரில் இருக்கவேண்டுமாம். இவர்கள் இறங்குகிற வண்டியில்தான் அவன் ஏறவேண்டும்.

ராசம்மா பிள்ளையோடு குதித்து இறங்கினாள்.

"சொல்லிக்காமலே போறியாண்ணே?"

"யாருகிட்டச் சொல்லிக்கறது? போறவனுக்குப் பேச்சு இல்லன்னு ஒம் புருசன் சொல்லிட்டானே," என்றான் ரெங்கசாமி. சொன்னவன் பார்வை பிள்ளையின் தலைக்குப் போயிற்று. பின்னல் இருந்தது. காசும் இருந்தது.

இஞ்சினுக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அது முடியும்வரைதான் நேரம். மூட்டைகளை ஏற்றத் தொடங்கினார்கள். ராசம்மா அழுகையை அடக்கிக்கொண்டு நடந்ததைச் சொல்லப் பார்த்தாள். மண் என்றாள், அதிகாரி என்றாள், மூன்று மாதம் என்றாள். ஒன்றும் கோவையாக வரவில்லை. ரெங்கசாமிக்குப் பாதி புரிந்தது. மீதிப் பாதியைக் கேட்க அவன் நிற்கவில்லை. அம்மிக்கல்லைத் தூக்கக் குனிந்தான்.

அம்மிக்கல்லின் மறுபுறத்தை வேறொரு கை பிடித்தது. அழகையாவின் கை.

இரண்டு பேருமாகத் தூக்கி வண்டிக்குள் வைத்தார்கள். அழகையா இறங்கினான். பெட்டி வாசலில் நின்ற மச்சானின் கையைத் தொட்டான்.

"மச்சான். கீழ எறங்கி உக்காரு. புள்ளய மடியில வாங்கிக்க."

ரெங்கசாமி அவனை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு பிளாட்பாரத்து மரப் பெஞ்சில் போய் உட்கார்ந்து மடியை விரித்தான். கருப்பையா மாமன் மடியில் ஏறிக்கொண்டான். அவனுக்கு அந்த மடி பழக்கம்தான். ரெங்கசாமி பெண்சாதியின் வெற்றிலைப் பையில் பாக்குவெட்டி இருந்தது. ராசம்மா அதை வாங்கினாள். எல்லா முடியையும் எடுக்கவில்லை. பின்னலின் நுனியில், காசு கட்டிய இடத்துக்கு ஒரு விரல் மேலே வைத்து அழுத்தினாள். பாக்குவெட்டிக்கு முடி வெட்டிப் பழக்கமில்லை. மூன்று தடவை அழுத்த வேண்டியிருந்தது.

அதை முந்தானையைக் கிழித்து முடிந்து அண்ணன் கையில் வைத்தாள். கல்யாணச் சேலை என்று யோசிக்கவில்லை.

"முடி அங்க போகட்டும்ணே. மண்ணு இங்க வரட்டும். வர்ற ஆளு யாருகிட்டயாவது குடுத்து விடு. மீதி முடி அது வந்த பெறகு."

ரெங்கசாமி வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டான். சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. பிள்ளையை முகர்ந்து பார்த்துவிட்டு இறக்கிவிட்டான். கார்டு விசில் ஊதினார். ஏறிக்கொண்டான்.

வண்டி நகர்ந்தது. அழுகிறவர்கள் கூடவே நடந்தார்கள். ராசம்மா நடக்கவில்லை. நின்ற இடத்தில் நின்றாள். பெட்டிகள் ஒவ்வொன்றாகக் கடந்தன. கடைசிப் பெட்டிக்கு முந்திய ஜன்னலில் ரெங்கசாமியின் தலை வெளியே வந்தது. அவன் தங்கையைப் பார்க்கவில்லை. அழகையாவைப் பார்த்துக் கத்தினான்.

"மாப்ள, எடத்தப் பாத்து வையி."

வளைவில் வண்டி மறைந்தது. புகை மட்டும் பனியோடு கலந்து கொஞ்ச நேரம் நின்றது.

தோட்டத்துக்குப் போகிற பாதையில் ஏறினார்கள். கருப்பையா அப்பன் தோளில் தூங்கிவிட்டான். நுனி வெட்டிய பின்னல் அவிழ்ந்து அழகையாவின் முதுகில் கிடந்தது. மேட்டில் வந்ததும் அழகையா நின்றான். கண்ணுக்கு எட்டியமட்டும் மலை. மலை முழுக்கத் தேயிலை. கவ்வாத்து வெட்டி வெட்டி ஒவ்வொரு செடியையும் அவனுக்குத் தெரியும். ஆனால் இத்தனை மலையிலும் ஒரு சாமி உட்காருகிற அளவு இடம் அவனுடையது இல்லை.

இடத்தைத் துரையிடம்தான் கேட்கவேண்டும். காலையில் பெரட்டுக் களத்தில், எல்லாரும் பார்க்க, தொப்பியைக் கழற்றிக் கேட்கவேண்டும். ஒரு கொய்யாக் கன்றைப் பொறுக்காத துரையிடம்.

"என்ன நின்னுட்டீங்க?" என்றாள் ராசம்மா.

"ஒண்ணுமில்ல," என்றான் அழகையா. "நட," என்றான்.